பட்டறைப் பதில்கள்: சாணை மெஷினுக்கு மரத்தில் ஒரு ஸ்டாண்ட்

பெஞ்ச் கிரைண்டர் பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. மாவாட்டும் கிரைண்டர் அல்ல. உளி, அரிவாள், டிரில் பிட் தீட்டும் மெஷின். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் மாணவர்களுக்கு உளி தீட்டக் கற்றுக்கொடுத்த காலத்திலிருந்தே எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. மெஷினுக்குச் செலவழிக்கும் யோசனையில் பாதியையாவது அது நிற்கும் இடத்துக்குச் செலவழிக்க வேண்டும்.

கேள்வி: ஐயா, நான் மரத்தச்சன். உளியும் இழைப்புளித் தகடும் தீட்ட ஆறு அங்குல பெஞ்ச் கிரைண்டர் ஒன்று வாங்கினேன். வேலை மேசையின் ஓரத்தில் பொருத்தினேன். ஓடவிட்டால் மேசை மேல் இருக்கும் ஆணி, பென்சில் எல்லாம் ஊர்ந்து கீழே விழுகின்றன. வெல்டிங் பட்டறைக்காரர் ஆங்கிள் இரும்பில் ஸ்டாண்ட் செய்து தருவதாகச் சொல்கிறார். என்னிடம் மரம் இருக்கிறது. மரத்திலேயே செய்தால் தாங்குமா? அளவோடு சொல்லுங்கள்.
— வாசகர், பெரியகுளம்

பதில்: தாராளமாகத் தாங்கும். தச்சர் கையில் மரமும் இருக்கும்போது வெல்டிங் பட்டறைக்கு ஏன் போக வேண்டும்? மெல்லிய ஆங்கிளில் செய்த ஸ்டாண்ட் மெஷினோடு சேர்ந்து தானும் அதிரும். கனமான மரம் அதிர்வில் ஒரு பகுதியைத் தனக்குள்ளேயே அடக்கிவிடும்.

முதலில் அந்த மெஷினை வேலை மேசையிலிருந்து கழற்றுங்கள். ஊர்ந்து விழும் பென்சில் சின்ன விஷயம். சாணையிலிருந்து பறக்கும் இரும்புத்தூள் உங்கள் மேசையில் படிகிறது. அதன் மேல் தேக்குப் பலகையையோ வேங்கைப் பலகையையோ வைத்து இழைத்தால் தூள் மரத்தில் பதிந்துவிடும். ஈரம் பட்டதும் அந்த இடங்களில் கருநீலப் புள்ளிகள் தோன்றும். மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் கறை அது. மறுபடி இழைத்தால்தான் போகும். கல்லிலிருந்து உதிரும் பொடியோ இழைப்புளியின் கூரை நிமிடத்தில் மழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தீப்பொறி பறக்கும் மெஷினுக்கு அடியில் இழைப்புச் சுருள் குவிந்து கிடக்கக் கூடாது. சுருளுக்குள் விழுந்த பொறி உடனே எரியாமல் உள்ளுக்குள் கனன்று, நீங்கள் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போன பிறகுகூடப் பற்றலாம். ஆகவே ஸ்டாண்ட் தனியாக, ரம்பமும் இழைப்பும் நடக்கும் இடத்திலிருந்து தள்ளி நிற்கட்டும்.

இனி உயரம். மேசை உயரமே போதும் என்று நினைப்பவர்கள் பலர். மேசை என்பது குனிந்து தள்ளி இழைப்பதற்கான உயரம். சாணையிலோ நிமிர்ந்து நின்று, முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு தீட்ட வேண்டும். அப்போதுதான் கை நடுங்காது, உளியின் சாய்வு ஒரே சீராக வரும். வேலை செய்யும்போது போடும் செருப்போடு நின்று கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். கல்லின் நடு அந்த உயரத்திலோ ஓர் அங்குலம் தாழ்வாகவோ வர வேண்டும். ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு முழங்கை 41, 42 அங்குலத்தில் இருக்கும். ஆறு அங்குல மெஷினில் அடிப்பாகத்திலிருந்து தண்டின் நடு சுமார் ஐந்து அங்குலம். உங்கள் மெஷினில் நீங்களே அளந்துகொள்ளுங்கள். கழித்துப் பார்த்தால் ஸ்டாண்ட் 36 அங்குலம் அளவில் வரும். உங்கள் உடம்புக்கு 34 வந்தால் 34 வையுங்கள். என் அளவு உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

வடிவத்துக்கு வருகிறேன். தீட்டும்போது நீங்கள் மெஷினை முன்னிருந்து பின்னுக்குத் தள்ளுகிறீர்கள். உளியைக் கல்லின் குறுக்கே நகர்த்தும்போது பக்கவாட்டிலும் அசைக்கிறீர்கள். ஸ்டாண்ட் இந்த இரண்டையும் தாங்க வேண்டும். நான்கு கால்களையும் நான்கு திசைக்கும் சாய்த்தால் நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு மூட்டிலும் இரட்டைச் சாய்வு வெட்ட வேண்டியிருக்கும். அது தேவையில்லாத சிரமம். முன்பக்கத்துக்கு ஒரு சட்டகம், பின்பக்கத்துக்கு ஒரு சட்டகம் என இரண்டு செய்யுங்கள். ஒவ்வொன்றும் மேலே 12 அங்குல அகலம், கீழே 20 அங்குல அகலம். பக்கவாட்டில் மட்டும் சாய்வு. முன்னும் பின்னும் நேர்ச் செங்குத்து. இரண்டு சட்டகங்களையும் நேரான குறுக்குச் சட்டங்களால் இணைத்தால் முன்பின் ஆழம் 16 அங்குலம். சாய்வைக் கணக்குப் போட்டு எடுக்காதீர்கள். சிமென்ட் தரையில் சாக்பீஸால் முழு அளவில் படம் வரையுங்கள். காலை அந்தக் கோட்டின் மேல் வைத்து, வெட்ட வேண்டிய இடத்தை நேரடியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கால் 3க்கு 3. சாய்த்து வெட்டவும் சேர்த்து 36 அங்குல நீளத் துண்டாக எடுங்கள். குறுக்குச் சட்டம் 3க்கு ஒன்றரை. மேல் பலகை 2 அங்குலக் கனம்.

கீழ்ச் சட்டத்தைத் தரையிலிருந்து 4 அங்குலம் தூக்கி வையுங்கள். கால்விரல் அதன் அடியில் நுழையும் என்பதால் மெஷினை ஒட்டி நிற்க முடியும். எட்ட நின்று கையை நீட்டித் தீட்டுகிறவருக்கு உளி ஒருநாளும் வசப்படாது.

மூட்டுக்கு ஆணி வேண்டாம். அதிர்வில் ஆணி தளரும். ஒருமுறை தளர்ந்த ஆணியை எத்தனை முறை அடித்தாலும் பழைய பிடிப்பு வராது. காலில் துளை அடித்து, சட்டத்தின் நுனியில் செதுக்கிய நாக்கை அதில் செருகுங்கள். ஒன்றரை அங்குலச் சட்டத்தில் நாக்கு நான்கு நூல், அதாவது அரை அங்குலக் கனம். ஃபெவிகால் தடவி, குறுக்கே ஒரு மர ஆணியும் அறையுங்கள். தச்சு தெரியாத வாசகர்கள் காலின் மேல் சட்டத்தைப் படுக்கவைத்து, மூட்டுக்கு இரண்டு போல்ட் வீதம் இருபுறமும் வாஷர் போட்டு இறுக்கலாம். மூட்டுக்கு ஒரே போல்ட் போட்டால் அதுவே கீல்போல வேலை செய்யும்.

இப்போது முக்கியமான பகுதி, எடை. கீழ்ச் சட்டங்களின் மேல் முன்பின்னாகப் பலகை அடித்து, அதன் மேல் 14 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 9 அங்குல உயரத்தில் ஒரு பெட்டி அமையுங்கள். இதன் கொள்ளளவு 20 லிட்டருக்குச் சற்று மேல். காய்ந்த மணல் நிரப்பினால் 33 கிலோ அளவில் வரும். மணலைப் பெட்டியில் அப்படியே கொட்டாதீர்கள். உரச்சாக்குத் துணியில் சிறுசிறு மூட்டைகளாகக் கட்டி அடுக்குங்கள். இண்டு வழியாகச் சிந்தாது. இடம் மாற்ற வேண்டுமானால் மூட்டைகளை எடுத்துவிட்டு ஸ்டாண்டை ஒருவரே தூக்கலாம். மணல் ஈரமாக இருந்தால் சில மாதத்தில் பலகை உளுத்துப்போகும். வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே கட்டுங்கள். சிலர் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. மரம் மழைக்கு விரியும், கோடைக்குச் சுருங்கும், கான்கிரீட்டோ அசையாது. இரண்டுக்கும் நடுவே மூட்டுதான் பிளக்கும்.

மேல் பலகையில் மெஷினை நட்டநடுவில் வைக்காதீர்கள். அதன் முன்விளிம்பும் பலகையின் முன்விளிம்பும் ஒன்றாக இருக்கட்டும். அப்போது நீளமான பிடியுள்ள உளியைத் தாழ்த்திப் பிடித்தால் பலகை இடிக்காது. பின்னால் மிஞ்சும் இடம், நீங்கள் தள்ளும்போது ஸ்டாண்ட் பின்பக்கம் சாயாமல் காக்கும். தண்ணீர் டப்பா வைக்கவும் உதவும். பலகை மேல் ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) போர்த்திப் பின்பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு மடித்து நிறுத்துங்கள். பொறி மரத்தைத் தொடாது.

மெஷினை மரத் திருகாணியால் பிடிக்காதீர்கள். பலகையை ஊடுருவிப் போகும் போல்ட் போட்டு, அடியில் அகலமான வாஷர், அதன் கீழ் நைலான் வளையமுள்ள நட். அது கிடைக்காவிட்டால் இரண்டு சாதாரண நட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக இறுக்குங்கள். மெஷினுக்கும் பலகைக்கும் நடுவே பழைய கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்று. மெத்தென்ற ஸ்பாஞ்ச் வேண்டாம். அதன் மேல் மெஷின் மிதக்கும், உளி கல்லைத் தொட்டதும் பின்வாங்கும். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு நட்டை இறுக்கவும் வேண்டாம்.

நான்கு கால் ஸ்டாண்ட் மேடுபள்ளத் தரையில் ஆடத்தான் செய்யும். மூன்று கால்களின் அடியில் ஒரே கனமுள்ள டயர்த் துண்டை அடியுங்கள். ஸ்டாண்டை அது நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துங்கள். நான்காவது காலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து, அதற்கேற்பத் துண்டைச் சீவிப் பொருத்துங்கள். ஆட்டத்தை இந்த ஒரு துண்டே நிறுத்திவிடும்.

கேள்வி: இதற்கு என்ன மரம் வாங்கலாம்? தேக்கு கட்டுப்படியாகாது.
— வாசகர், விருத்தாசலம்

பதில்: தேக்கு தேவையே இல்லை. எடையும் இறுக்கமும்தான் வேண்டும். புளிய மரம் கிடைத்தால் விடாதீர்கள். கொட்டாப்புளிக்கும் (தச்சரின் மரச்சுத்தி) கறிவெட்டும் கட்டைக்கும் நம் ஊரில் அதைத்தான் தேடுவார்கள். அடியை அடக்கும் மரம். கருவேலம் கனமானது, உளிக்குச் சண்டித்தனம் செய்யும், ஆனால் கால்களுக்கு அருமை. பூவரசும் வேம்பும் நல்லவையே. வேம்பைக் கரையான் எளிதில் அண்டாது. மேல் பலகைக்கு மட்டும் முறுக்காத, வெடிப்பில்லாத பலகையாகப் பாருங்கள். எந்த மரமானாலும் பச்சையாக இருக்கக் கூடாது. பச்சை மரத்தில் இன்று இறுக்கமாகச் செருகிய நாக்கு, மரம் காய்ந்ததும் துளைக்குள் கலகலக்கும்.

பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடையில் விட்டத்துண்டுகளைக் கேளுங்கள். பல பத்தாண்டுகள் காய்ந்தவை. அதைவிடக் காய்ந்த மரத்தை எங்கே தேடுவது? ரம்பம் வைப்பதற்கு முன் காந்தத்தால் தடவி ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். பேக்கிங் பெட்டியின் பைன் பலகை மணற்பெட்டிக்குப் போதும், கால்களுக்கு வேண்டாம்.

கேள்வி: எங்கள் பட்டறையில் எட்டு அங்குல மெஷின். நீங்கள் முன்பு எழுதியபடியே கனமான ஸ்டாண்டில் பொருத்தியிருக்கிறோம். ஆனாலும் அதிர்கிறது. இன்னும் எடை ஏற்ற வேண்டுமா?
— வாசகி, காங்கயம்

பதில்: வேண்டாம் அம்மா. எடை ஏற்றினால் அதிர்வு தெரியாமல் மறையும். காரணம் அப்படியே இருக்கும். கல் சம்பந்தப்பட்ட அதிர்வை மறைத்துவிட்டு மெஷினை ஓட்டுவது ஆபத்து.

காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. பிளக்கை உருவிவிட்டு இரண்டு கல்லையும் கழற்றுங்கள். வலப்பக்க நட் வழக்கமான மரை. இடப்பக்க நட்டுக்கு எதிர்மரை. சுழற்சியில் நட் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. தெரியாமல் எதிர்த்திசையில் பலம் கொடுத்து மரையைக் கெடுத்துவிட வேண்டாம். கல் இல்லாமல் வெறும் தண்டை ஓடவிடுங்கள். அப்போதும் அதிர்ந்தால் குற்றம் பேரிங்கிலோ தண்டிலோ இருக்கிறது. மோட்டார் பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அமைதியாக ஓடினால் ஒரு கல்லை மட்டும் மாட்டி ஓட்டுங்கள். பிறகு அதைக் கழற்றிவிட்டு மற்றதை மாட்டுங்கள். எந்தக் கல்லில் அதிர்வு வருகிறதோ அதுதான் ஆள்.

அந்தக் கல்லைத் துளையில் விரல் நுழைத்துத் தொங்கவிட்டு, ஸ்குரூடிரைவரின் மரப்பிடியால் ஓரத்தில் மெல்லத் தட்டுங்கள். நேர் கீழே தட்டாமல், சற்று மேலே இரு பக்கமும் சாய்வான இடங்களில் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் கல் முழுசு. மொத்தென்று அடங்கினால் உள்ளே விரிசல். அதை அப்போதே சுத்தியலால் இரண்டாக உடைத்துவிடுங்கள். ஓரமாக எடுத்து வைத்தால், விவரம் தெரியாத யாரேனும் ஒருநாள் எடுத்து மாட்டிவிடுவார்கள். கல் தண்ணீரில் நனைந்திருந்தாலும் ஒலி மட்டாக வரும், காயவிட்டுச் சோதியுங்கள்.

கல் முழுசாக இருந்தால் அடுத்து வட்டக் காகிதத்தைப் பாருங்கள். கல்லின் இரு முகத்திலும் ஒட்டியிருக்கும் அந்தக் காகிதத்தை லேபிள் என்று நினைத்து உரித்துவிடுகிறார்கள். கல்லின் கரடுமுரடான முகத்துக்கும் இரும்புத் தட்டுக்கும் நடுவே மெத்தையாக இருந்து அழுத்தத்தைப் பரப்புவது அதுதான். அது இல்லாமல் நட்டை முடுக்கினால் அழுத்தம் ஓரிரு புள்ளிகளில் விழுந்து கல் வெடிக்கும். இரண்டு பக்கத் தட்டுகளும் ஒரே விட்டமாக, கல்லின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். கல்லின் துளைக்கும் தண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அதை நிரப்பும் சரியான அளவு வளையம், அதாவது புஷ், வாங்கிப் போடுங்கள். நூலோ டேப்போ சுற்றி நிரப்பக் கூடாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அதிர்ந்தால், கல்லின் வட்டம் கெட்டிருக்கிறது. கல்லின் முகத்தைச் சீவிச் சீராக்கும் கருவியான டிரஸ்ஸர் பிடிக்க வேண்டும். நட்சத்திரச் சக்கர டிரஸ்ஸரின் கொம்பை டூல் ரெஸ்ட்டின் (கல்லுக்கு முன்னால் உளியைத் தாங்கும் தட்டு) விளிம்பில் மாட்டி, கல்லின் குறுக்கே சீராக இழுங்கள். முதலில் டிக் டிக் என்று விட்டுவிட்டுச் சத்தம் வரும். மேடு மட்டும் படுகிறது என்று பொருள். அது தொடர்ச்சியான ஒரே இரைச்சலாக மாறும்போது வட்டம் வந்துவிட்டது. காது கேட்டுக்கொண்டே செய்ய வேண்டிய வேலை இது. தூள் நிறையப் பறக்கும். கண்ணாடியோடு முகக்கவசமும் போடுங்கள்.

கேள்வி: டூல் ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு நூல்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொல்கிறார். ஏன்?
— ஃபிட்டர் மாணவர், நாகப்பட்டினம்

பதில்: உங்கள் பயிற்சியாளர் சரியாகச் சொல்கிறார். ஒரு நூல், அதாவது 3 மில்லிமீட்டர். மேலே கல்லை ஒட்டி இருக்கும் பொறித்தடுப்புக்கு இரண்டு நூல் வரை போகலாம். கணக்கைப் பாருங்கள்: ஆறு அங்குலக் கல்லின் சுற்றளவு 47 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2,850 சுற்று. அப்படியானால் கல்லின் விளிம்பு நொடிக்கு 22 மீட்டர், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கீழ்நோக்கிப் பாய்கிறது. இடைவெளி அரை அங்குலம் இருந்தால் நீங்கள் தீட்டும் துண்டின் நுனியை அதற்குள் இழுத்துக்கொள்ளும். துண்டு ஆப்புப்போலச் சிக்கும், மோட்டார் தள்ளும், கல் உடையும். அதோடு விரலும் போகும். கல் தேயத் தேய ரெஸ்ட்டை முன்னே நகர்த்திக்கொண்டே வாருங்கள். மெஷினை நிறுத்திய பிறகு நகர்த்துங்கள். கையுறை போடாதீர்கள், அதுவும் சிக்கும். சுவிட்ச் போட்டதும் ஒரு நிமிடம் கல்லுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். விரிசல் விட்ட கல் பெரும்பாலும் அந்த முதல் நிமிடத்திலேயே தன்னைக் காட்டிவிடும்.

கேள்வி: அரிவாள் அடிக்கும் தொழில். சாணையில் பிடித்தால் விளிம்பு நீலமாகிவிடுகிறது. அந்த இடம் சீக்கிரம் மழுங்குகிறது. ஸ்டாண்ட் சின்னதாக இருப்பதால் நீள அரிவாளைப் பிடிக்கவும் தோதில்லை.
— வாசகர், திருப்பாச்சேத்தி

பதில்: அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊரிலிருந்து என்னிடம் கேட்கிறீர்கள், மகிழ்ச்சி. காய்ச்சிய இரும்பை நீரில் தோய்க்கும் துவைச்சலின் பதம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சாணைச் சூட்டிலும் அதே கதைதான் நடக்கிறது. 220 டிகிரி செல்சியஸ் அளவில் எஃகில் வைக்கோல் நிறம் ஏறும். 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். நீலம் கண்ட இடத்தில் நீங்கள் உலையில் கொடுத்த கடினம் இறங்கிவிட்டது. விளிம்பு மெல்லியது என்பதால் சூடு ஓட இடமில்லாமல் ஓரிரு நொடியில் இது நடந்துவிடும். உலைக்குத் திரும்பிப் போகாமல் அதை மீட்க முடியாது. நீலம் படிந்த பகுதி முழுவதையும் தேய்த்து நீக்குவதுதான் வழி.

அழுத்தாதீர்கள். ஓரிடத்தில் நிறுத்தாமல் நீளவாக்கில் இழுத்துக்கொண்டே இருங்கள். கையுறையில்லாத விரலை விளிம்புக்கு அருகே வைத்திருங்கள். விரலுக்குச் சுட்டால் உடனே தண்ணீர். பொடி அடைத்துப் பளபளக்கும் கல் வெட்டாது, வெறுமனே உரசிச் சூடாக்கும். டிரஸ்ஸர் பிடித்து முகத்தைத் திறந்துவிடுங்கள். மெஷினோடு வரும் சாம்பல் நிறக் கல்லுக்குப் பதிலாக ஒரு பக்கம் வெள்ளைக் கல் போட்டுப் பாருங்கள். 60 முதல் 80 வரை மணி (கிரிட் எண்) உள்ளது போதும். அதன் மணிகள் எளிதில் உடைந்து புதுக்கூர் காட்டுவதால் சூடு குறையும்.

நீளத்துக்கு வருகிறேன். ஸ்டாண்டின் பக்கச் சட்டத்தில் ஒரு மரக்கை பொருத்துங்கள். 2க்கு 2 கட்டை, இரண்டு போல்ட் துளைகளை நீள்துளையாக அடித்தால் ஏற்றி இறக்கலாம். அதன் மேல் விளிம்பு டூல் ரெஸ்ட்டின் மட்டத்தில் இருக்கட்டும். விளிம்பை உருட்டி இழைத்து மெழுகு தேய்த்துவிடுங்கள். அரிவாளின் பிடிப்பக்கம் அதில் தவழும். உங்கள் கை எடையைச் சுமக்காமல் கோணத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும். ஒன்றுக்கு மூன்று அரிவாள் தீட்டும் நாளில் இதன் அருமை தோளுக்குத் தெரியும். தண்ணீர் டப்பா பலகையின் பின்னால் இருந்தால் உங்களுக்கு எட்டாது. வலப்பக்கக் காலில் வளையம் அடித்து அதில் தொங்கவிடுங்கள்.

கேள்வி: தாத்தா காலத்து மரச்சாணை வீட்டில் இருக்கிறது. பட்டை இழுத்துச் சுற்றும் வகை. அந்தச் சட்டத்திலேயே மெஷினைப் பொருத்தி, பழைய கல்லையும் பயன்படுத்தலாமா?
— வாசகி, காரைக்குடி

பதில்: சட்டத்தைப் பயன்படுத்தலாம். மூட்டுகள் இறுக்கமாக இருந்து, கரையான் தொடாமல் இருந்தால் அதைவிட நல்ல மரம் இன்று கிடைப்பது கடினம். உயரம் குறைவாக இருக்கும். உட்கார்ந்து வேலை செய்ய ஏற்பட்டது. அடியில் கட்டை கொடுத்து உயர்த்தி, கீழே மணல் மூட்டை வையுங்கள்.

கல்லை மட்டும் ஒருபோதும் மெஷினில் மாட்டாதீர்கள். அந்தக் காலத்துச் சாணை குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்துச் செய்தது. நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கம் குருந்தக்கல் கிடைக்கும். கையால் இழுக்கும் வேகத்துக்கு அரக்கின் பிடிப்பு போதும். சூடேறினால் அரக்கு இளகும். மோட்டார் வேகத்தில் அந்தக் கல் சிதறிவிடும். இப்போதைய கல் வேறு வகை. 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிசன் மின் உலையில் சிலிக்கன் கார்பைடைக் கண்டறிந்த பிறகு செயற்கைத் தேய்ப்புமணிகள் பெருகின. அவற்றைக் களிமண் வகைப் பிணைப்போடு சூளையில் சுட்டு, இத்தனை சுற்று வரை தாங்கும் என்று கல்லிலேயே அச்சிட்டுத் தருகிறார்கள். அந்த எண் உங்கள் மெஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். எண் அச்சிடாத கல் எதையும் மாட்ட வேண்டாம். தாத்தாவின் கல்லைப் பத்திரமாக எடுத்து வையுங்கள் அம்மா. அப்படிச் செய்யத் தெரிந்தவர்கள் இனி அரிது.

கேள்வி: அலுமினியம், பித்தளைத் துண்டுகளையும் இதில் தேய்க்கலாமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: சாதாரண சாம்பல் கல்லில் கூடாது. மெத்தென்ற உலோகம் கல்லின் துளைகளில் அப்பிக்கொள்ளும். அப்பிய கல் சூடேறி விரிசல் விடும். அலுமினியத் தூளும் இரும்புப் பொறியும் ஒரே இடத்தில் சேருவது தீ விபத்துக்கு அழைப்பு. அரம் இருக்கிறது, அதில் தேயுங்கள்.

கேள்வி: வாடகை வீட்டு மாடியில் சிறு பட்டறை. கீழ்வீட்டுக்காரர் சத்தம் என்கிறார். சாதாரண பிளக்கில் ஓட்டலாமா என்பதும் சந்தேகம்.
— வாசகர், மதுரை

பதில்: ஆறு அங்குல மெஷின் பெரும்பாலும் அரைக் குதிரைத்திறனுக்கு மேல் போகாது, வீட்டு மின்சாரம் போதும். மூன்று ஊசி பிளக், எர்த் கம்பி உண்மையாகவே இணைந்திருக்க வேண்டும். இரும்புத்தூள் எல்லா இடத்திலும் புகும் பொருள். எர்த் இல்லாமல் ஓட்டவே கூடாது. சுவிட்சை ஸ்டாண்டின் முன்காலில், இடுப்பு உயரத்தில் பொருத்துங்கள். சுற்றும் கல்லைத் தாண்டிக் கை நீட்டி அணைக்கும்படி சுவரில் இருக்கக் கூடாது. ஒயரைக் காலோடு சேர்த்துக் கிளிப் அடித்து இறக்குங்கள்.

கீழ்வீட்டுக்குப் போவது பெரும்பாலும் தரைவழி அதிர்வு. டயர்த் துண்டுகளின் கீழ் கனமான ரப்பர் பாய் ஒன்று விரியுங்கள். ஸ்டாண்டை அறையின் நடுவில் நிறுத்தாமல் சுவர் மூலைக்கு நகர்த்துங்கள். தளத்தின் நடுப்பகுதிதான் அதிகம் அதிரும். ஸ்டாண்ட் சுவரைத் தொட வேண்டாம், நாலு விரல் இடம் விடுங்கள். அதன் பிறகும் புகார் வந்தால் காங்கயத்து வாசகிக்குச் சொன்ன சோதனையைச் செய்து பாருங்கள். தீட்டும் வேலையைப் பகல் பதினொன்றிலிருந்து நான்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.